மதியத்தில் விழாத தாழ்ப்பாள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். 'ஏதாவது' என்றால் அறிவுரை என்று எனக்குப் புரிகிறது. அறிவுரை கேட்டு உருப்பட்ட இன்ஜினியர் யாரையும் நான் பார்த்ததில்லை, நான் உட்பட. எனக்கு முதலில் வாய்த்த மேலதிகாரி தினமும் காலையில் ஒரு அறிவுரை சொல்வார். அவர் போட்ட படிக்கட்டு ஒன்றில் இன்றைக்கும் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள். அதனால் அந்த வேலை நமக்கு வேண்டாம். எனக்கே இன்றுவரை முழுசாக விளங்காத ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். நீங்களும் சேர்ந்து மண்டையை உடைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு குன்றின் மேல் நாங்கள் அமைத்த சின்னக் காட்சி மேடை அது. இரும்புக் குழாயும் மரப்பலகையும்தான். நின்று பார்த்தால் எதிரே ஏரி தெரியும். நீங்கள் இப்போது கம்ப்யூட்டரில் போடும் கோபுரங்களோடு ஒப்பிட்டால் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் இத்தனை வருட வேலையில் நான் அதிகம் யோசித்தது அதைப் பற்றித்தான்.

முதலில் ஒன்று. கனமான கட்டடம் நம் தவறுகளைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். எடை குறைந்த கட்டமைப்பு பொறுக்காது. அடி கனத்த பாத்திரத்தில் பால் காய்ச்சினால் நீங்கள் போனில் பேசிவிட்டு வரலாம். மெல்லிய பாத்திரத்தில் காய்ச்சினால் பக்கத்திலேயே நிற்க வேண்டும். எனக்குப் பக்கத்தில் நிற்கப் பிடிக்கும். அதனால்தான் இந்த வேலையை யாரும் சீந்தாதபோது நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வேலையைக் கொடுத்தவர் பெயர் ஸ்டெல்லா. பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்தவர். வங்கியில் அதிகாரியாக இருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, கனகபுரா சாலையில் ஊரெல்லாம் முடிந்து வெகுதூரம் தள்ளி, ஒரு பாறைக் குன்றையும் அதன் அடிவார நிலத்தையும் வாங்கியிருந்தார். பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வந்து கூடாரத்தில் தங்கவைத்து, பறவை, பூச்சி, செடி கொடியெல்லாம் காட்டுவது அவருடைய திட்டம். குன்று ஏறி வந்த பிள்ளைகளுக்கு உச்சியில் ஒரு பரிசு வேண்டும், அதுதான் ஏரி என்றார்.

"ரிட்டையர்மென்ட் காசையெல்லாம் கல்லு மேல கொண்டுபோய்க் கொட்டிட்டாளாம். எங்க அண்ணன் சொந்தக்காரங்க கிட்ட எல்லாம் சொல்லிட்டிருக்காரு மேடம்" என்று முதல் நாளே சிரித்துக்கொண்டு சொன்னார். சிரிப்பு உதட்டோடு சரி. அந்தக் கோடை விடுமுறைக்குப் பள்ளிகள் வந்தால் இடம் நிற்கும், வராவிட்டால் விற்க வேண்டியதுதான் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டார். குன்றின் மேல் ஒரு பிடி சிமென்ட் வரக்கூடாது.

"நாளைக்கு நான் பேடா, வேணாம் அப்படின்னு நினைச்சா, எல்லாத்தையும் கழட்டி லாரில ஏத்திட்டுப் போயிடணும். இங்க எதுவும் இருந்த மாதிரியே தெரியக் கூடாது. செய்வீங்களா?"

செய்வோம் என்றேன். அப்படி ஒரு கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. எல்லோரும் எத்தனை வருடம் நிற்கும் என்றுதான் கேட்பார்கள். எப்படிப் போகும் என்று கேட்டவர் அவர்தான். எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது.

இடத்தை நீங்கள் மனதில் பார்த்துக்கொள்ள வேண்டும். குன்றின் உச்சியில் உருண்டையாக ஒரு பெரிய பாறை. அதைப் பின்பாறை என்று வைத்துக்கொள்வோம். அதற்கு முன்னால், சரிவின் விளிம்பு வரை, அகலமான ஒரு தட்டைப்பாறை. பின்பாறையில் நின்றால் இடதுபக்க மேடு ஏரியை மறைத்துவிடும். தட்டைப்பாறையின் முனைக்கு வந்தால் ஏரி முழுசாகத் தெரியும், கரையில் மேயும் மாடு வரைக்கும். ஆகவே பின்பாறை மேல் ஒரு நடைபாதை, அதன் தொடர்ச்சியாகத் தட்டைப்பாறை மேல் காட்சி மேடை என்று திட்டம் போட்டோம். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன கேட், தாழ்ப்பாள் நடைபாதைப் பக்கம், அது விழும் துளை மேடைப் பக்கம். இடி மின்னல் சமயத்திலும் சாயங்காலத்திலும் மேடைக்கு யாரும் போகாமல் அதைப் பூட்டிவிடலாம். கால்கள் எல்லாம் பாறையில் துளை போட்டுப் பசை வைத்து இறக்கிய கம்பிகளில் நின்றன. கழற்றினால் விரல் நுழையும் துளைகள் மட்டும் மிஞ்சும்.

கம்பிகளை இழுத்துச் சோதித்தோம், அசையவில்லை. பாறையின் துண்டை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினோம், கெட்டியான கருங்கல் என்று பதில் வந்தது. இரும்பு வேலையை நீலசந்திராவில் பட்டறை வைத்திருக்கும் செல்வம் செய்தார். துல்லியத்தில் அவர் ஒரு பைத்தியம். எங்கள் பட்டறைப் பேச்சில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை ஒரு நூல் என்பார்கள். ஒரு நூல் பிசகினால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

ஏப்ரல் முதல் ஞாயிற்றுக்கிழமை முதல் பள்ளிக்கூடம் வருவதாக ஏற்பாடு. அதற்கு முந்தைய திங்கட்கிழமை வேலை முடிந்தது. நான் ஒருமுறை பார்த்துவிட்டுச் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டியது மட்டும்தான் பாக்கி.

செவ்வாய்க்கிழமை மதியம் ஸ்டெல்லாவிடமிருந்து போன்.

"மேடம், கேட்டு தாழ்ப்பாள் விழமாட்டேங்குது. ஓட்டைக்கு நேரா வரல. புது சாமான், இப்பவே இப்படியா?"

செல்வத்தைக் கூப்பிட்டேன். புதன்கிழமை காலையில் போய்ப் பார்த்துவிட்டு அங்கிருந்தே பேசினார்.

"ஏக்தம் ஃபிட்டா இருக்கு மேடம். நானே பத்து வாட்டி போட்டுப் பாத்துட்டேன். அவங்க சும்னே, காரணமே இல்லாம டென்ஷன் ஆவறாங்க. கேட்டைத் தூக்கிப் புடிச்சிட்டு லாக் பண்றாங்களோ என்னவோ."

அன்று மதியம் மறுபடி ஸ்டெல்லா. இந்த முறை குரலில் வங்கி மேலாளர் வந்திருந்தார்.

"வந்தார், பாத்தார், நல்லாருக்குன்னுட்டுப் போயிட்டார். இப்ப நான் போடறேன், விழல. எனக்கு ஒரு தாழ்ப்பாள் போடத் தெரியாதா மேடம்? என்ன கலாட்டா இது?"

வியாழக்கிழமை காலை மறுபடி செல்வம். மறுபடி தாழ்ப்பாள் அழகாக விழுந்தது. இப்போது அவருக்குக் கோபம். தன் வேலையைக் குறை சொல்லிப் பணம் பிடிக்கப் பார்க்கிறார்களோ என்று சந்தேகம் வேறு. இரண்டு நல்ல மனிதர்கள், ஒருவரை ஒருவர் பொய்யர் என்று என்னிடம் மாறி மாறிப் புகார் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஒருவர் சொல்வதும் பொய்யில்லை என்று வைத்துக்கொண்டால் என்ன என்று யோசித்தேன். செல்வம் விடியும் முன்னே நீலசந்திராவிலிருந்து கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துத் திரும்பிவிடுகிற ஆள். தாமதமானால் பனசங்கரி சிக்னலிலேயே குடித்தனம் நடத்த வேண்டியிருக்கும் என்பார். ஸ்டெல்லா கேட்டைப் பூட்டுவது மதியத்துக்கு மேல். அதாவது இரண்டு பேரும் ஒரே தாழ்ப்பாளைப் பார்க்கவே இல்லை. அவர் பார்த்தது காலைத் தாழ்ப்பாள், இவர் பார்த்தது மதியத் தாழ்ப்பாள்.

இதைச் சொன்னவுடன் செல்வம் சிரித்துவிட்டார்.

"அப்ப வெயிலு மேடம்! இரும்பு நீளுது. இதுக்கா இத்தனை பேஜாரு? ஓட்டையைக் கொஞ்சம் மேல அறுத்து நீட்டிவிட்டா முடிஞ்சுது. அரை மணி வேலை."

நீங்களும் அதைத்தான் சொல்வீர்கள். நம் ஆட்கள் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். வெயிலில் இரும்பு நீளும் என்று நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்துவிட்டதால், வெயிலில் எது அசைந்தாலும் இரும்பின் மேல் பழியைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். வேறு தொழில்காரன் இந்தத் தவறைச் செய்ய மாட்டான். அவனுக்கு இவ்வளவு படிப்பு கிடையாது.

எனக்கு ஒன்று இடித்தது. மதியத்தில் துளை ஒரு நூல் அளவு மேலே போய்விடுகிறது என்று ஸ்டெல்லா சொல்லியிருந்தார். மேடையின் கால்கள் இடுப்பு உயரம்தான். அந்த உயர இரும்பு பெங்களூர் வெயிலுக்கு ஒரு தலைமுடி கனம் நீளலாம். ஒரு நூல் நீளவே நீளாது. அதோடு கேட்டுக்கு இரண்டு பக்கமும் அதே இரும்பு, அதே வெயில். நீண்டால் இரண்டும் சேர்ந்தல்லவா நீள வேண்டும்?

"அறுக்காதீங்க செல்வம். நாளைக்கு மதியம் என்னோட வாங்க" என்றேன்.

"மதியத்துலயா?" என்று அவர் கேட்ட தொனியை எழுத்தில் கொண்டுவர முடியாது.

மறுநாள் வரை பொறுக்க முடியாமல் அன்று வியாழன் மதியமே நான் மட்டும் போனேன். பாறை செருப்பைத் தாண்டிச் சுட்டது. ஸ்டெல்லா குடையோடு வந்து நின்றார். தாழ்ப்பாளைத் தள்ளிப் பார்த்தேன், துளை மேலே இருந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் 'இப்போதாவது நம்புகிறீர்களா' என்று எழுதியிருந்தது.

கீழேயிருந்து நாலைந்து கோணிப்பைகளும் தண்ணீரும் கொண்டுவரச் சொன்னேன். கோணியை நனைத்து மேடையின் கால்களைச் சுற்றி, மேலே குவளை குவளையாகத் தண்ணீர் ஊற்றினோம். இரும்பு சில்லென்று ஆகிவிட்டது. கன்னத்தை வைத்துப் பார்க்கலாம் போல இருந்தது. தாழ்ப்பாளைத் தள்ளினேன். விழவில்லை. துளை இம்மிகூட இறங்கவில்லை.

"அப்ப இரும்பு இல்ல" என்றார் ஸ்டெல்லா.

"இல்ல."

"இரும்பு இல்லன்னா வேற என்ன இருக்கு இங்க?"

கேட்டுவிட்டு அவரே காலடியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வேறு இருந்தது பாறை மட்டும்தான்.

இத்தனை வருடத்தில் எத்தனையோ பொருள்களை நான் சந்தேகப்பட்டிருக்கிறேன். சிமென்டை, கம்பியை, மேஸ்திரியை, என் கணக்கை. பாறையைச் சந்தேகப்பட்டதில்லை. எல்லா அளவையும் பாறையிலிருந்துதானே எடுக்கிறோம்? கெட்டியா என்று அதைச் சோதனை போட்டுக் கேட்டோம், ஆமாம் என்றது. அசைவாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. காசு கொடுத்து வாங்கியதை எல்லாம் உரசிப் பார்ப்போம். சும்மா கிடைத்ததை அப்படியே நம்பிவிடுவோம்.

தட்டைப்பாறையின் முனைக்குக் கீழே இறங்கிப் போய்ப் பார்த்தேன். அதற்கும் அடியிலிருக்கும் பாறைக்கும் நடுவே ஒரு கோடு ஓடியது. அந்தக் கோட்டை நாங்கள் முன்பே பார்த்திருந்தோம், படத்தில்கூட வரைந்திருந்தோம். மேல்கீறல் என்று நினைத்துக்கொண்டோம். செல்வம் விட்டுப்போயிருந்த ரம்பத் தகடு ஒன்றை எடுத்து அந்தக் கோட்டில் நுழைத்தேன். போயிற்று. இன்னும் தள்ளினேன். என் கை பாறையில் இடிக்கும்வரை போயிற்று. அதை அப்படியே விட்டுவிட்டு, ஸ்டெல்லாவிடம் யாரும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தொம்மலூரில் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். சாப்பிடும்போது என் கணவர் ஏதோ கேட்டார், நான் தகடு என்று பதில் சொன்னேனாம்.

வெள்ளிக்கிழமை மதியம் வரை காத்திருக்காமல் காலையிலேயே செல்வத்தோடு போனேன். பாறை குளிர்ந்து கிடந்தது. தாழ்ப்பாள் வெண்ணெய் மாதிரி விழுந்தது. கீழே இறங்கி, "செல்வம், அந்தத் தகட்டைக் கொஞ்சம் எடுங்க" என்றேன்.

ஒரு விரலால் இழுத்தார். பிறகு கையால் இழுத்தார். பிறகு காலைப் பாறையில் ஊன்றிக்கொண்டு இழுத்தார். தகடு பட்டென்று உடைந்து பாதி அவர் கையோடு வந்தது. மறுபாதியைப் பாறை விடவில்லை.

"யாரு மேடம் இதை அடிச்சு உள்ள ஏத்தினது?"

"யாரும் இல்ல. நேத்து மதியம் நான்தான் சும்மா சொருகினேன்."

அவர் கையிலிருந்த பாதித் தகட்டையும் பாறையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாக இரண்டடி பின்னால் போனார்.

விஷயம் இதுதான். நாங்கள் தரை என்று நினைத்துக் கால் ஊன்றிய தட்டைப்பாறை, குன்றோடு ஒட்டிய பாறையே இல்லை. மேலே படிந்திருக்கும் ஒரு தனிப் பாறைத் தகடு. பின்பக்கம் மட்டும் குன்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. வெயில் ஏற ஏற அது சூடேறி முனைப்பக்கம் மேலே எழும்பும். இரவில் ஆறி மறுபடி படியும். நம் மேடையையும் தூக்கிக்கொண்டு எழும்பியது, இறக்கிக்கொண்டு படிந்தது. அந்த ஒரு நூல் அதுதான்.

அந்த நேரம் எனக்கு வந்தது பயம் இல்லை, சந்தோஷம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவ்வளவு பெரிய கருங்கல் தினமும் ஒருமுறை எழுந்து உட்காருகிறது, அது எங்கள் தாழ்ப்பாள் வழியாகத் தெரியவந்திருக்கிறது என்பதில் குதிக்காத குறை. பயம் பிறகுதான் வந்தது. மேலே ஏறி வந்தபோது ஸ்டெல்லா பிள்ளைகளுக்காக வாங்கிய தொப்பிகளைப் பெட்டியிலிருந்து எடுத்து எண்ணி வைத்துக்கொண்டிருந்தார். அப்போது வந்தது.

எனக்குத் தெரிந்த நிலவியல் பேராசிரியர் ஒருவருக்கு அங்கிருந்தே போன் போட்டேன். மனிதர் மகிழ்ந்துபோய்விட்டார்.

"நல்ல விஷயம் பிடிச்சிருக்கீங்க மேடம்! கருங்கல் குன்றுகள்ல இது சகஜம். வெங்காயம் மாதிரி தோல் தோலா விட்டு வரும்."

"சார், விழுமா?"

"கண்டிப்பா விழும்."

"எப்போ?"

"அதைக் கேக்கக் கூடாது. பத்தாயிரம் வருஷம் ஆகலாம். இந்த மே மாசமா இருக்கலாம். நல்ல வெயில்ல, மழை கிழை ஒண்ணும் இல்லாம, திடீர்னு விட்டதும் உண்டு."

நன்றி சொல்லி வைத்தேன். நிபுணரைக் கேட்டால் பதில் கிடைக்கும், முடிவு கிடைக்காது. அதை நாம்தான் எடுக்க வேண்டும்.

ஸ்டெல்லாவை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். உடைந்த ரம்பத் தகட்டையும் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, வங்கியில் கடன் விண்ணப்பத்தைப் பார்ப்பது போல ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டார். எல்லாம் நியாயமான கேள்விகள்.

"இத்தனை காலம் நின்னுருக்குல்ல மேடம்?"

"நின்னுருக்கு."

"நம்ம மேடை வெயிட்டே இல்ல, கல்லோட வெயிட்டுக்கு அது ஒரு தூசின்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். மேடை தூசிதான். அது மேல நிக்கறவங்க?"

"பத்து பத்து பேரா விடறேன்."

செல்வம் குறுக்கே வந்தார். நீளக் கம்பியாக அடித்துத் தட்டைப்பாறையைக் கீழ்ப்பாறையோடு தைத்துவிடலாமே என்றார். நல்ல யோசனைதான், பல இடத்தில் செய்வதுதான். ஆனால் எவ்வளவு ஆழம், எங்கே தைப்பது என்று தெரிந்துகொள்ளவே மாதக்கணக்காகும். தினமும் எழும்பிப் பழகியதை நாம் ஓரிடத்தில் பிடித்து அழுத்தினால் அது வேறிடத்தில் விரிசல் விடலாம். ஞாயிற்றுக்கிழமைக்கு நடுவில் ஒரு நாள்தான் இருந்தது.

"அப்ப என்ன சொல்றீங்க?" என்றார் ஸ்டெல்லா.

"இந்த மேடைக்கு என்னால கையெழுத்துப் போட முடியாது."

ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். என்னைப் பார்க்காமலே பேசினார்.

"முதல் ஸ்கூலு வந்து பாத்துட்டுப் போயி மத்தவங்களுக்குச் சொல்லணும். அதை நம்பித்தான் இருக்கேன். ஒரு நூல் மேடம். ஒரு நூலுக்காக எல்லாத்தையும் மூடச் சொல்றீங்க. நீங்க சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடுவீங்க. நான் இங்கயே இருக்கணும். எங்க அண்ணன் முன்னாடி நான் நிக்கணும்."

கண் கலங்கிவிட்டது அவருக்கு. ஒன்று சொல்கிறேன், நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நெருக்கடியில் எதிரே நிற்பவர் கெட்டவராக இருந்தால் முடிவெடுப்பது சுலபம். பேராசைக்காரர், கறாராகப் பேசி அனுப்பிவிடலாம். நமக்கு எதிரே நிற்பவர் பெரும்பாலும் ஸ்டெல்லா மாதிரிதான் இருப்பார். அவர் கேட்பது எல்லாம் சரியாக இருக்கும். நம் கையிலோ ஒரு பாதி உடைந்த ரம்பத் தகட்டைத் தவிர ஆதாரம் ஒன்றும் இருக்காது.

செல்வம் சொன்னபோதே தாழ்ப்பாள் துளையை அறுத்து நீட்டியிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. அந்த எண்ணமும் எனக்கு வந்தது. தெரியாமலே இருந்திருக்கலாமே என்று ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன். தெரிந்துவிட்டது, என்ன செய்ய?

"மூடச் சொல்லல ஸ்டெல்லா. பின்பாறை நல்ல பாறை. அது குன்றோட உடம்பு. நடைபாதை அது மேல இருக்கு. முன்மேடையைக் கழட்டிட்டு, நடைபாதையோட முனையையே மேடையா ஆக்கலாம். செல்வம், ஒரு நாள்ல ஆகுமா?"

செல்வம் பதில் சொல்லும் முன்னே ஸ்டெல்லா சொன்னார்.

"அங்கேர்ந்து ஏரி தெரியாது."

"தெரியாது."

"ஏரி தெரியாத இடத்துக்கு எதுக்கு மேடம் வியூ பாயின்ட்?"

உடைந்த தகட்டை அவர் பக்கத்தில் வைத்தேன். கடைசியில் அவர் செல்வத்தைப் பார்த்து, "கழட்டுங்க" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார்.

முதலில் பின்பாறையைப் பார்த்தேன். சுற்றிச் சுற்றிக் கோடு தேடினேன், தட்டிக் கேட்டேன், அன்று மதிய உச்சி வெயிலிலும் சாயங்காலமும் அளவெடுத்தேன். பின்பாறை அசையவில்லை. சனிக்கிழமை செல்வம் ஆட்களோடு வந்து போல்ட்டுகளைக் கழற்றினார். எடை குறைந்த வேலையின் அருமை அன்றுதான் எனக்குக் கண்ணால் தெரிந்தது. பலகைகளை ஆளுக்கொன்றாகத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினார்கள். சாயங்காலத்துக்குள் முன்மேடை இருந்த இடம் வெறும் பாறையாக இருந்தது. கைப்பிடியைப் பின்னால் நகர்த்திப் பொருத்தினார்கள். புது மேடைக்கான சான்றிதழில் நான் கையெழுத்துப் போட்டேன். ஸ்டெல்லா அதை வாங்கிக்கொண்டார். நன்றி என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வந்தார்கள், ஏறினார்கள், ஏரி எங்கே என்று கேட்டார்கள். அந்தக் கோடையில் பல பள்ளிகள் வராமல் போய்விட்டன. காட்சியில்லாத காட்சி மேடை என்று யாரோ இணையத்தில் எழுதிவைத்தார்கள். ஸ்டெல்லா சமாளித்தார். கூடாரங்களைக் குறைத்தார், அண்ணனிடம் பேச்சையும் குறைத்தார். அடுத்த வருடம் கொஞ்சம் பரவாயில்லை, அதற்கடுத்த வருடம் இன்னும் பரவாயில்லை. இடம் நின்றுவிட்டது. ஆனால் அந்த முதல் வருடம் அவர் பட்ட பாட்டுக்குக் காரணம் நான்தான், அதில் சந்தேகமில்லை.

இப்போது நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். தட்டைப்பாறை என்ன ஆயிற்று? விழுந்ததா?

விழவில்லை. பல வருடமாகிவிட்டது. எத்தனையோ கோடை போய்விட்டது. அது அங்கேயேதான் கிடக்கிறது. ஒவ்வொரு மே மாதமும், சொன்னால் கேவலம், விழுந்துவிட்டதாம் என்று ஒரு போன் வராதா என்று உள்ளுக்குள் ஒரு ஆசை வரும். வந்தால் நான் செய்தது சரி என்றாகிவிடும். வரவே இல்லை. நான் செய்தது சரியா, ஒரு நல்ல பெண்ணை வீணாக ஒரு வருடம் அலைக்கழித்தேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விபத்து நடந்தால்தான் இந்தத் தொழிலில் ஆதாரம் கிடைக்கும். நடக்காமல் தடுத்தவனுக்குக் கிடைக்காது. நீங்கள் எடுக்கும் நல்ல முடிவுகளில் பாதி இப்படித்தான் அந்தரத்தில் நிற்கும். பழகிக்கொள்ளுங்கள் என்று சொல்ல ஆசைதான். எனக்கே பழகவில்லை.

போன மாதம் அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தது. போவதா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, சரி என்று வண்டியைத் திருப்பச் சொன்னேன். ஸ்டெல்லா என்னைப் பார்த்ததும் வாங்க மேடம் என்றார். மோர் கொடுத்தார். இருவரும் மெதுவாக மேலே ஏறினோம். முழங்கால் வலிக்கு இருவரும் ஒரே மருந்துதான் சாப்பிடுகிறோம் என்று பாதி வழியில் தெரியவந்தது.

மேடையில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே, "உங்களைத் திட்டாத வருஷமே இல்ல" என்றார்.

"தெரியும். கல்லு அப்படியே இருக்கே."

"இருக்கு. ஜம்முனு இருக்கு."

"பழைய மேடையைத் திரும்பப் போட்டிருக்கலாமே. அந்தச் சாமானெல்லாம் செல்வம் பட்டறையில இன்னும் கிடக்குதாம். வேற இன்ஜினியர் யாராவது கையெழுத்துப் போட்டிருப்பாங்க."

அதற்குள் மலையேற வந்திருந்த கும்பலிலிருந்து ஒரு இளைஞர் எங்களிடம் வந்தார். முப்பது வயதிருக்கும், கழுத்தில் அலுவலக அடையாள அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கைப்பிடிக்கு அந்தப் பக்கம் கிடந்த தட்டைப்பாறையைக் காட்டினார்.

"ஆன்ட்டி, அந்தப் பாறை மேல நின்னா ஏரி சூப்பரா தெரியும் போல இருக்கே. ஒரு ரெண்டு நிமிஷம் போயிட்டு வந்துடட்டுமா? நல்லா ஸ்ட்ராங்காத்தானே இருக்கு?"

வழக்கம்போல நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். வெயில், தகடு, ஒரு நூல் எல்லாம் தொண்டை வரை வந்துவிட்டது. ஸ்டெல்லா முந்திக்கொண்டார்.

"ஸ்ட்ராங்காத்தான் இருக்கும்பா. எங்களுக்குத் தெரியாது. அதனால விடறதில்ல."

அந்த இளைஞர் ஒருமுறை அவர் முகத்தைப் பார்த்தார், ஒருமுறை பாறையைப் பார்த்தார். பிறகு சரி ஆன்ட்டி என்று சொல்லிவிட்டு நண்பர்களிடம் திரும்பிப் போனார்.